கறவை மாட்டுக்கு ஊசி போடுமுன்

மாமல்லபுரம் செல்லும் விவசாயிகள் கிருஷ்ண மண்டபத்துப் பாறைச் சிற்பத்தின் முன் சற்று நிற்க வேண்டும். அதில் ஒருவர் பசுவைக் கறக்கிறார். பசுவோ தன் கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது. பால் சுரப்பின் இரகசியம் முழுவதும் அந்தக் காட்சியில் இருக்கிறது.

கன்று முட்டும்போதும், மடியைக் கழுவித் தடவும்போதும் அந்த உணர்ச்சி நரம்பு வழியே பசுவின் மூளைக்குப் போகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. சுமார் ஒரு நிமிடத்தில் அது மடியை எட்டி, பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருங்க வைக்கிறது. பால் காம்புக்கு இறங்குகிறது. இந்த வேகம் சில நிமிடங்களே நிற்கும். ஆகையால் மடியைக் கழுவியதும் கறக்க உட்கார்ந்து ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். பசுவை அடித்தாலோ, நாய் மிரட்டினாலோ, புது ஆள் கறக்க வந்தாலோ அட்ரினலின் சுரந்து இந்த வேலையைக் கெடுத்துவிடும். பசு பாலை அடக்கிக்கொண்டது என்று நாம் சொல்வது இதைத்தான்.

கன்று இறந்த மாட்டுக்கும் பால் அடக்கும் மாட்டுக்கும் சிலர் இந்த ஹார்மோனையே வேளைதோறும் ஊசியாகப் போடுகிறார்கள். இது தவறான பழக்கம். தினமும் வெளியிலிருந்து மருந்து கிடைத்தால், கைபட்டதும் தானாகச் சுரப்பு விடும் இயல்பு பசுவுக்குக் குறைந்துபோகும்; பிறகு ஊசியில்லாமல் பால் இறங்காது. சினை மாட்டின் கருப்பையையும் இம்மருந்து சுருங்க வைக்கும். சுத்தமற்ற ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குக் குத்துவதால் கட்டியும் சீழும் வருவது தனிக் கதை. சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. மாட்டின் உடல்நலத்துக்குக் கேடு தரும் வகையில் பால் சுரப்புக்காக ஊசி போடுவது, 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு; மாட்டையும் அரசு எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பாலைக் குடித்தால் ஹார்மோன் நம் உடம்பில் ஏறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆக்சிடோசின் புரதத்தின் இனத்தைச் சேர்ந்தது. வயிற்றில் செரித்துப் போகும். கேடு முதலில் மாட்டுக்குத்தான். மருந்தையே வெறுக்கவும் வேண்டாம். பிரசவத்தில் தாய்மாரின் இரத்தப்போக்கை நிறுத்த இதுதான் கைகொடுக்கிறது. 2018-இல் தனியார் தயாரிப்பை நிறுத்த மத்திய அரசு பிறப்பித்த ஆணையை அந்த ஆண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மாட்டுக்கும் தேவைப்படும் சமயம் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

இன்னொரு ஹார்மோன் பற்றி வீட்டுப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பருவத்துக்கு வராத மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவர மருத்துவர் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி மருந்து, தோல் வழியாகவே உடம்பில் இறங்கக்கூடியது. கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவையும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கலாம். மாட்டைப் பிடிக்கவும் மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுக்கவும் இவர்களை அனுப்பலாகாது. கையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இனி ஆண்டிபயாடிக் மருந்துகள். நம் பக்கத்தில் இவை மிகுதியும் மடிநோய்க்கே செலவாகின்றன. பென்சிலின், டெட்ராசைக்ளின் முதலியவை மனிதருக்கும் மாட்டுக்கும் பொது. இரண்டு ஊசியில் வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டால், மிஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடலாம். அதே இனக் கிருமி நாளை நம் பிள்ளையைத் தாக்கினால், செங்கல்பட்டு அரசு மருத்துவமனை மருத்துவர் கையிலும் அந்த மருந்து பலிக்காது.

ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து கலந்து வருகிறது. காய்ச்சினாலும் முழுவதும் போகாது. அதில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமல் போவதுண்டு; உறைமோரிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் மருந்து கொன்றுவிடுவதே காரணம். அந்தப் பாலைச் சங்கத்துக் கேனில் ஊற்றினால் ஊரார் பாலும் கெடும். பென்சிலின் ஒவ்வாதவர் குடித்தால் உடம்பு தடிக்கலாம்.

எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பது மருந்தின் உறையில் அச்சிட்டிருக்கும். காலவரை சோதித்து நிச்சயிக்கப்படாத மருந்தானால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012-இல் விதி வந்தது. கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும். ஒரு காம்புக்கு மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் விலக்க வேண்டும். கன்றுக்கும் ஊட்ட வேண்டாம். நாளுக்கு 6 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 3 நாள் சிகிச்சையும் 7 நாள் விலக்கும் சேர்ந்தால் 60 லிட்டர் போய்விடும். சிறு விவசாயிக்கு இது பெரிய அடி. விலக்கு நாள் குறைவான மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நோயை ஆரம்பத்திலேயே கண்டால் இந்த நட்டம் குறையும். முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகத் தெரிந்தால் மடிநோயின் அறிகுறி. கறந்ததும் காம்புத் துளை மூடச் சற்று நேரமாகும். தீவனம் போட்டு மாட்டை நிற்க வைத்தால் சாணத்தில் படுக்காது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகை மருந்தும் உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி எடுத்து நீரில் கரைத்து, கழுவிய மடியில் பூச வேண்டும். நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள். காய்ச்சல் கண்டாலோ, பாலில் இரத்தம் வந்தாலோ இதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

கடலோரத்தில் இறால் வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது; ஆண்டிபயாடிக் அதைத் தொடாது. தடைசெய்யப்பட்ட குளோராம்பெனிகால் துளியளவு தெரிந்தாலும் ஏற்றுமதிச் சரக்கு திரும்பிவிடும். முட்டுக்காட்டிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் விவரம் கேட்கலாம். மாடு வளர்ப்போர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்; எந்த மருந்து, எந்தத் தேதியில், எத்தனை ஊசி போட்டீர்கள் என்று எழுதிய தாளை வரும் மருத்துவரிடம் காட்டுங்கள்.