கணிப்பொறியின் முதல் ஆணை

கணிப்பொறி தன் நினைவகத்தில் உள்ள ஆணைகளை மட்டுமே நிறைவேற்ற வல்லது. நாடாவிலோ துளை அட்டையிலோ உள்ள ஆணைத்தொடரை நினைவகத்திற்குக் கொண்டுவருவதற்கும் ஓர் ஆணை தேவை. அந்த முதல் ஆணையை வழங்குவது யார்? பெருங்கணிப்பொறிகளின் காலத்தில் இவ்வினாவிற்கு இருவகை விடைகள் காணப்பட்டன.

கைமுறைத் தொடக்கம்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். 1620 பொறியை எடுத்துக்கொள்வோம். இவ்வகைப் பொறியில் ஒவ்வோர் ஆணைக்கும் 12 இலக்கங்கள் உண்டு. காகித நாடாவைப் படிக்கச் செய்ய, இயக்குபவர் தட்டச்சில் 360000000300 என அடிக்க வேண்டும். 36 என்பது ‘எண்களைப் படி’ எனும் கட்டளை. அடுத்த 5 இலக்கங்கள் நினைவகத்தில் சேர்க்கவேண்டிய இடம். இறுதி ஐந்தில் உள்ள 03 நாடா படிப்பானைச் சுட்டும். இவ்வோர் ஆணை நாடாவின் தொடக்கத்திலுள்ள சிறு ஆணைத்தொடரைக் கொணரும். அது ஏனையவற்றைக் கொணரும்.

தானியங்கித் தொடக்கம்

1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 வரிசையில் இப்பணி பொறியின் அமைப்பிலேயே இடம்பெற்றது. சாதனத்தின் முகவரியைத் திருகு விசைகளில் அமைத்து, ‘லோட்’ பொத்தானை அழுத்தினால், முதல் 24 பைட்டுகளைப் பொறி தானே படித்துக்கொள்ளும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் நிறுவப்பட்ட 370/155 இம்மரபைச் சேர்ந்ததே. இன்றைய கணிப்பொறியில் முதல் ஆணைத்தொடர் அழியா நினைவகத்தில் பதிக்கப்பட்டே வருகிறது.

அறிவின் பயன்

இம்மாற்றத்தால் நேரம் மிச்சமாயிற்று, பிழையும் குறைந்தது. ஆயினும், பொறிக்குள் நடப்பது இயக்குபவரின் கண்ணுக்கு மறைந்தது. இம்மறைவு எத்துணை இடர்மிக்கது என்பதை 1978 உணர்த்தியது. அவ்வாண்டு ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பை, 1975இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான சி.எம்.சி. ஏற்றது. உட்புறச் செயல்முறையை அறிந்த பொறியாளர்கள் நம் நாட்டில் இருந்தமையாலேயே அது இயன்றது.

அந்தமானின் சாத்தம் தீவு போன்ற இடங்களுக்கு இப்படிப்பினை மேலும் பொருந்தும். ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேருடன் அது பாலத்தால் இணைந்திருப்பினும், சென்னையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அங்குள்ள அலுவலகமொன்றில் கணிப்பொறி தானே தொடங்க மறுத்தால், நிபுணர் கப்பலேறி வரும்வரை கோப்புகள் காத்திரா. எனவே, தொலைதூர அலுவலகம் ஒவ்வொன்றிலும் மூன்று ஏற்பாடுகள் இன்றியமையாதவை: தொடக்கப் படிகளைத் தாய்மொழியில் விளக்கும் குறிப்பேடு, மாற்றுத் தொடக்க வட்டு, அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்ற இருவர். தானியங்கி வசதி மனித உழைப்பைக் குறைக்கலாம். மனித அறிவுக்கு அது ஈடாகாது.