கல்முனைக் கரையில் கடலுணவு

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை, காலையில் கரைவலை இழுக்கும் இடந்தான் என் முதல் தெரிவு. வலை கரையேறும்போதே நின்றால் கீரியும் சூடையும் துள்ளத் துள்ளக் கிடைக்கும். தேங்காய்ப்பால் விட்டு அன்றே ஆணம் வையுங்கள். மாரியில் கடல் குழம்பிவிடும்; அப்போது கிட்டங்கிப் பக்கம் வாவி இறாலைத் தேடுங்கள். தலை கறுத்துத் தொங்குவதை எடுக்காதீர்கள்.

மட்டி, சிப்பி கிடைத்தால் வாய் திறந்திருப்பதை விரலால் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, மூடாவிட்டால் வேண்டாம். அவித்த பிறகும் திறக்காததை எறிந்துவிடுங்கள். பச்சையாக ஒருபோதும் உண்ண வேண்டாம்.

கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட அறுகம்பை நல்லது. அலைச்சறுக்குக் காலமான மே முதல் செப்டம்பர் வரை கடைகள் கலகலப்பாக இருக்கும். வெள்ளிக்கிழமை கல்முனையில் சாப்பிடுவதென்றால் ஜும்ஆ முடிந்த பிறகு போங்கள்.