கழுவினால் மட்டும் சுத்தம் ஆகாது

தூத்துக்குடி

அன்பு மகன் அந்தோணிக்கு,

பெரியப்பா எழுதுவது. ஹாவ்லாக் தீவில் டைவிங் கடையில் வேலை கிடைத்தது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். நேற்று போனில் நீ சொன்ன ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "அடுத்த மாதத்திலிருந்து கடையிலேயே நைட்ராக்ஸ் கலக்கப் போறாங்க பெரியப்பா, சிலிண்டர் கழுவுற வேலை எனக்கு" என்றாய். ஏதோ பாத்திரம் கழுவுகிற வேலையைச் சொல்வதுபோலச் சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் படகில் கம்ப்ரசரை வைத்து, குழாயில் வரும் காற்றை வாங்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அந்தக் காற்றில் எண்ணெய் கலந்தால் தலை வலிக்கும், நெஞ்சு கெடும். நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூட்டிய காற்று. அதே எண்ணெய் அழுத்தம் ஏறிய ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் இருத்திக்கொள்.

ஆக்சிஜன் தானாக எரியாது. பக்கத்தில் இருப்பதை எரியவைக்கும். 1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவில் அப்பல்லோ 1 கலத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. உள்ளே நிரப்பியிருந்தது தூய ஆக்சிஜன். அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். எங்கோ ஒரு பொறி. கிரிசம், ஒயிட், சாஃபி என்ற மூன்று விண்வெளி வீரர்களும் தரையில் நின்ற கலத்துக்குள்ளேயே இறந்துபோனார்கள். நீ திறக்கப்போகும் ஆக்சிஜன் குழாயில் இருக்கும் அழுத்தம் அதைப்போலப் பல மடங்கு.

"நாங்க கலக்குறது 32 சதவீத ஆக்சிஜன்தானே" என்று கடையில் யாராவது சொல்வார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று டைவிங் உலகில் ஒரு பழைய பேச்சு உண்டு. வேறு இடத்தில் கலந்து முடித்த வாயுவை நிரப்புகிறவர்கள் சொல்லும் பேச்சு அது. உங்கள் கடையில் சிலிண்டருக்குள்ளேயே அல்லவா கலக்கப்போகிறீர்கள்? காலி சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு 32 சதவீதக் கலவையால் நிரப்ப, முதலில் ஏறத்தாழ 28 பார் தூய ஆக்சிஜன் ஏற்றி, பிறகு காற்றை ஏற்ற வேண்டும். கடைசியில் கலவை 32 ஆகலாம். ஆனால் அந்த வால்வும் சிலிண்டரின் உட்சுவரும் முதலில் சந்திப்பது நூற்றுக்கு நூறு ஆக்சிஜனை. ஐரோப்பியத் தர விதிகள் 22 சதவீதத்தைத் தாண்டினாலே தனி வால்வு கேட்கின்றன. அந்தக் கண்டிப்பு சரியானது என்பது என் கருத்து.

தீ எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகிறதே, அதே சூடுதான். வால்வைச் சடாரென்று திறந்தால் குழாயின் முட்டுச்சந்தில் வாயு நொடியில் நசுங்கும். வெறும் காற்றழுத்தத்திலிருந்து 200 பாருக்கு அப்படி ஏறினால், கணக்குப்படி சூடு 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெய், ஒரு நூல் பிசிறு, ஒரு உலோகத் துகள் இருந்தால் போதும்.

இது எனக்கு நடந்தது. வெளிநாட்டில் ஒரு கடையில் இருந்தபோது, வால்வின் ஓ-ரிங்குக்கு மேஜையில் கிடந்த சிலிகான் கிரீஸைத் தடவிவிட்டேன். அவசரம், படகு காத்திருந்தது. ஆக்சிஜனைத் திறந்ததும் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் வால்வு சீட் கருகி, ஓ-ரிங் இருந்த இடத்தில் கரிதான் இருந்தது. பித்தளை எளிதில் பற்றாது என்பதால் என் விரல்கள் பிழைத்தன. அன்று முழுக்க என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

வேலைக்கு வருவோம். சிலிண்டரை மெதுவாகக் காலி செய்து, முழுக்கக் காலியானதை உறுதி செய்துகொண்டு வால்வைக் கழற்று. உள்ளே விளக்கு விட்டுப் பார். துரு, வெடிப்பு, அரிப்பு தெரிந்தால் அது கழுவுகிற வேலையே அல்ல, ஒதுக்கி வை. நல்ல சிலிண்டருக்குச் சுடுநீரும், ஆக்சிஜன் வேலைக்கென்று விற்கும் சோப்புக் கரைசலும். அலுமினியச் சிலிண்டரில் காஸ்டிக் சோடா மட்டும் கூடவே கூடாது. அது அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். பிறகு சுடுநீரில் அலசு, மறுபடி அலசு. கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் குலுக்கு. நுரை நின்றால் சோப்பு இன்னும் போகவில்லை. உட்சுவரில் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் இருக்கிறது. கறுப்பு விளக்கு என்கிற புற ஊதா விளக்கையும் அடித்துப் பார், ஆனால் அதை மட்டும் நம்பாதே. சில எண்ணெய்கள் அதில் ஒளிராது. எண்ணெயும் சோப்பும் இல்லையென்று உறுதியானதும், எண்ணெயில்லாத வெதுவெதுப்பான காற்றில் உடனே உலர்த்து. இரும்புச் சிலிண்டரைத் தாமதித்தால் கண்முன்னே துருப்பிடிக்கும்.

வால்வை முழுக்கப் பிரித்துக் கழுவு. ஓ-ரிங்குகளைப் புதிதாக மாற்று, விட்டான் போன்ற ஆக்சிஜன் தாங்கும் ரகமாக இருக்கட்டும். கிரீஸ் என்றால் கிரைட்டாக்ஸ், கிறிஸ்டோ-லூப் போன்றவை மட்டும், அதுவும் பளபளப்புத் தெரிகிற அளவுக்கு. அப்புறம், தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு அந்த மேஜைப் பக்கம் போகாதே. வெயிலுக்குப் பூசும் கிரீமும் அதே கதைதான். பவுடர் இல்லாத கையுறை போடு.

இவ்வளவும் செய்த பிறகு, சாதாரணக் கம்ப்ரசர் காற்றை ஒரே ஒரு தடவை ஏற்றினால் எல்லாம் பாழ். சுவாசிக்கும் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 5 மில்லிகிராம் வரை எண்ணெய் அனுமதிப்பதுண்டு. ஆக்சிஜனோடு சேரும் காற்றுக்கு 0.1 மில்லிகிராம்தான் வரம்பு. அதற்குத் தனி பில்டர் வேண்டும். உன் சிலிண்டர் வேறு கடைக்குப் போய் நிரம்பி வந்தால், ஆக்சிஜனுக்குச் சுத்தம் என்று நீ ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கு. முதலாளி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கடலில் இறங்குகிறவர் தன் கலவையை அனலைசரில் தானே அளந்துகொள்ளலாம். உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று அளக்க அவரிடம் எதுவும் கிடையாது. நீ ஒட்டும் ஸ்டிக்கரைத்தான் நம்புகிறார். அடுத்த முறை அதில் ஆக்சிஜன் ஏற்றப்போகிறவனும் அதையேதான் நம்புகிறான். நீயே பிரித்து, நீயே கழுவி, நீயே பூட்டாத சிலிண்டரில் உன் கையெழுத்தையும் தேதியையும் போடாதே.

இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடவும் கூடாது. முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள். அதற்குப் பணம் கேட்டால் நான் தருகிறேன்.

இப்போதைக்கு ஒன்று செய். உங்கள் கம்ப்ரசரில் என்ன பில்டர் இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினார்கள், காற்றைச் சோதித்த சான்று இருக்கிறதா என்று கேட்டு எனக்குச் சொல். பதில் கிடைக்கும்வரை ஆக்சிஜன் பாட்டிலின் வால்வில் கை வைக்காதே, மகனே.

அன்புடன்,
பெரியப்பா