வண்டி கிளப்பும் பாடம்



சரக்கு ஏற்றி இறக்க நம்மில் பலர் கியர் வேன் வைத்திருக்கிறோம். மலேசியாவில் 2014ஆம் ஆண்டு முதல் ஆட்டோமெட்டிக் வண்டிக்கென்று 'டிஏ' லைசென்ஸ் தனியே உண்டு. அதை மட்டும் எடுத்தவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே கடைப் பிள்ளைகள் 'டி' லைசென்ஸ் எடுப்பதே நமக்குப் பயன். அந்தச் சோதனையில் பலரை இடறச் செய்வது, வண்டி கிளம்பும் முதல் சில விநாடிகள்தாம்.

நானும் இடறியவனே. 41 வயதில் சாலைச் சோதனைக்குப் போனேன். பச்சை விளக்கு விழுந்ததும் கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். வண்டி குதித்து நின்றது. பின்னால் ஹோன் சத்தம். பதறிப்போய் அதே தவற்றை இன்னும் இரண்டு முறை செய்தேன். கடைக்குத் திரும்பியதும், "என்ன ஆச்சு வாப்பா?" என்று மகன் கேட்டான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அரிசி மூட்டை கொண்டு வந்த லோரிக்காரக் காக்கா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"தம்பி, சீனி நிறுக்கும்போது தராசு முள் அசையத் தொடங்கினால் கையை என்ன செய்வீர்?"

"நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன் காக்கா."

"கிளட்சும் அப்படித்தான்!"

அவர் சொன்ன விளக்கம் இது. வண்டி நிற்கும்போதும் இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுச் சுற்றுகிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டையும் இணைப்பது கிளட்சுத் தட்டு. ஒரேயடியாக இணைத்தால் பாரம் தாங்காமல் இஞ்சின் அணைந்துவிடும். சிறிது உரசி, பிறகு ஒட்டினால் வண்டி பூப்போல நகரும்.

முறை இதுதான்: கிளட்சை முழுவதும் மிதித்து முதல் கியர் போடுங்கள். கண்ணாடி பார்த்து, சிக்னல் கொடுத்து, வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். எண்ணெயை இலேசாக மிதித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விடுங்கள். இஞ்சின் சத்தம் தாழ்ந்து வண்டி இலேசாக நடுங்கும். தராசு முள் அசையும் இடம் அதுவே! அங்கே காலை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி நகர்ந்து சில அடி போன பின்பே கிளட்சை முழுவதும் விடுங்கள்.

மேட்டுச் சோதனையிலும் இதே முறைதான். எண்ணெய் மட்டும் சற்றுக் கூடுதலாக வேண்டும். நடுக்கம் தெரியுமுன் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் உருளும். ஆனால் கிளட்சைப் பாதியிலேயே நெடுநேரம் பிடித்து வைக்காதீர்கள். தட்டு சூடேறித் தேய்ந்துபோகும். செலவு நம் தலையில் விழும்.

வண்டி அணைந்துவிட்டால்? பிரேக்கை மிதியுங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கண்ணாடியைப் பார்த்து, முதலிலிருந்து முறையாகத் தொடங்குங்கள். ஹோன் அடிப்பவர் நமக்குப் புள்ளி போடுபவர் அல்லர்.

பழக ஒரு வழி உண்டு. சமதரையான வெற்றிடத்தில், எண்ணெய் மிதிக்காமல் கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்திப் பாருங்கள். தினம் 20 முறை செய்தால் கால் தானே இடத்தைக் கண்டுகொள்ளும். நானும் இப்படிப் பழகியே இரண்டாம் முறை தேறினேன்.

கடை வாசலில் பத்துப் பேர் அவசரப்படுத்தினாலும் நாம் நிறுவையில் நிதானம் தவறுவதில்லை. அந்த நிதானத்தைக் கையிலிருந்து காலுக்கு இறக்கினால் போதும்.