மலர்ந்தும் காய்க்காத டென்ட்ரோபியம்

தேக்காவின் பூக்கடைகளில் மல்லிகை, சாமந்தி ஆகியவற்றுடன் ஊதா நிற ஆர்கிட் மலர்களையும் மாலைகளில் சேர்த்துக் கட்டியிருப்பதை நாம் பார்த்திருப்போம். அவை பெரும்பாலும் டென்ட்ரோபியம் இனத்தைச் சேர்ந்தவை. அந்த மலரின் பெயரில் ஓர் அதிவேக மின்சாரக் கார் சிங்கப்பூரில் கருக்கொண்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

2017 மார்ச் மாதம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் அனைத்துலக வாகனக் கண்காட்சி நடைபெற்றது. உலகின் புகழ்பெற்ற கார் நிறுவனங்களுக்கிடையே, சிங்கப்பூரைச் சேர்ந்த ‘வாண்டா எலெக்ட்ரிக்ஸ்’ என்னும் சிறிய நிறுவனமும் இடம்பிடித்தது. லாரிசா டான் அதன் தலைமை நிர்வாகி. அதுவரை மின்ஸ்கூட்டர், சிறிய மின்சரக்கு வண்டி போன்றவற்றை உருவாக்கிவந்த அந்நிறுவனம், ‘டென்ட்ரோபியம்’ என்ற இரண்டு இருக்கைக் காரை அங்கு அறிமுகப்படுத்தியது.

காரின் கூரையும் கதவுகளும் ஒருசேரத் திறக்கும்போது அது இதழ் விரித்த ஆர்கிட் மலரைப் போலக் காட்சியளித்தது. நின்ற நிலையிலிருந்து ஏறத்தாழ 2.7 விநாடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை நெருங்குவதும், மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் செல்வதும் அதன் இலக்குகள். நம் விரைவுச்சாலைகளில் அனுமதிக்கப்படும் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான்! ஆகவே, தொடக்கம் முதலே அந்தக் கார் உலகச் சந்தையை நம்பியே உருவாக்கப்பட்டது.

சிறிய நிறுவனம் எல்லாத் திறன்களையும் தானே வளர்த்துக்கொள்ள இயலாது. ஆகையால், வாண்டா நிறுவனம் பிரிட்டனின் ‘வில்லியம்ஸ் அட்வான்ஸ்ட் எஞ்சினியரிங்’ நிறுவனத்துடன் கைகோத்தது. ஃபார்முலா ஒன் பந்தயக் குழுவான வில்லியம்ஸின் துணை நிறுவனமாக அப்போது அது இருந்தது. ‘ஃபார்முலா இ’ மின்சாரக் கார்ப் பந்தயத்திற்கு மின்கலங்களை வழங்கிய அனுபவமும் அதற்கு இருந்தது.

வரவேற்பு நன்றாக இருந்தால் 2020ஆம் ஆண்டுவாக்கில் கார் சாலைக்கு வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பின்னர், திட்டம் பிரிட்டனுக்கு மாறியது. காருக்கு ‘டி-1’ என்ற பெயரும் சேர்ந்தது. ஆனால், 2020 கடந்தும் தொடர் உற்பத்தி தொடங்கவில்லை. கண்காட்சியில் மலர்ந்த கனவு காய்க்காமலேயே நின்றுவிட்டது.

ஏன் இப்படி நேர்கிறது? கண்காட்சியில் நாம் காண்பது ஒரு முன்மாதிரி. அதைத் திறமைசாலிகள் சிலர் கைப்பட உருவாக்கிவிடலாம். அதே காரை விற்பனைக்குக் கொண்டுவர வேண்டுமானால் வார்ப்பச்சுகள் செய்ய வேண்டும். பல கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டின் அனுமதியையும் பெற வேண்டும். உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் நிலையங்களும் தேவை. முதல் காரை விற்றுப் பணம் பெறுவதற்கு முன்பே இத்தனை செலவுகளையும் செய்தாக வேண்டும். பெரிய நிறுவனம் தன் மற்றக் கார்களில் கிடைக்கும் இலாபத்தைக் கொண்டு அதைத் தாங்கிக்கொள்ளும். சிறிய நிறுவனத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை.

பணம் மட்டும் இருந்தால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். டைசன் நிறுவனத்தின் கதை அதற்கு விடை தருகிறது. தூசி உறிஞ்சும் கருவிகளால் புகழ்பெற்ற அந்நிறுவனம், சிங்கப்பூரில் மின்சாரக் கார் தயாரிக்கப்போவதாக 2018 அக்டோபரில் அறிவித்தது. ஏறத்தாழ ஓராண்டில், 2019 அக்டோபரில், அத்திட்டத்தைக் கைவிட்டது. ஏழு பேர் அமரக்கூடிய காரை அதன் பொறியாளர்கள் உருவாக்கிவிட்டனர். எனினும், ஒரு காரை 150,000 பவுண்டுக்கு விற்றால்தான் போட்ட பணமாவது திரும்பும் என்ற நிலை. 500 மில்லியன் பவுண்டு செலவழித்த பிறகு நிறுவனர் ஜேம்ஸ் டைசன் அந்த முடிவை எடுத்தார். ஆனால், மின்கல ஆராய்ச்சியை நிறுவனம் கைவிடவில்லை. துவாஸில் மின்கலத் தொழிற்சாலை அமைக்கப்போவதாக 2023இல் அது அறிவித்தது.

சிங்கப்பூரில் கார் தயாரிக்கவே முடியாது என்று இதற்குப் பொருளன்று. 1941இல் புக்கிட் தீமாவில் அமைந்த ஃபோர்டு தொழிற்சாலையில், போர்க்காலத் தடைக்குப்பின் 1980 வரை கார்கள் பொருத்தப்பட்டன. 2023 நவம்பரில் ஜூரோங்கில் ஹியுண்டாய் நிறுவனத்தின் புத்தாக்க நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 30,000 மின்சாரக் கார்கள் வரை தயாரிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. இவ்விரு முயற்சிகளுக்கும் பின்னால் நீண்டகாலம் கார் விற்ற பெரிய நிறுவனங்கள் இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

துணிவும் அழகான வடிவமைப்பும் ஒரு முயற்சியைத் தொடங்கிவைக்கும். அதைக் கரைசேர்ப்பது முதலீடு, கூட்டாளிகள், சந்தை ஆகியவற்றைப் பற்றிய தெளிவான கணக்கு. கணக்கு ஒத்துவராதபோது நிறுத்துவதற்கும் துணிவு வேண்டும். நின்றுபோன முயற்சியில் கற்றதை அடுத்த முயற்சிக்குப் பயன்படுத்துவோர்க்குத் தோல்வி முழு இழப்பாகாது.

அருஞ்சொற்பொருள்

முன்மாதிரி – விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்யப்படும் முதல் வடிவம்
வார்ப்பச்சு – ஒரே வடிவில் பல பொருள்களைச் செய்ய உதவும் அச்சு
மின்கலம் – மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் சாதனம்

சிந்தித்து விடையளிக்கவும்

1. முன்மாதிரியை உருவாக்குவதற்கும் காரை விற்பனைக்குக் கொண்டுவருவதற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. டைசன் நிறுவனம் தன் திட்டத்தைக் கைவிட்டது சரியான முடிவா? காரணங்களுடன் விளக்குக.
3. நீங்கள் ஒரு சிறு தொழிலைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலில் எவற்றைக் கணக்கிடுவீர்கள்? உங்கள் குழுவினருடன் கலந்துரையாடுக.