விண்டோஸ் கணினிக்குள் ஒரு லினக்ஸ் அறை

"டீச்சர், யூனிக்ஸ் கட்டளைகளைப் பழக வேறு கணினி வாங்க வேண்டுமா?" என்று படிவம் 4 மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணனின் பாடங்களும் அதில்தான் இருக்கின்றன. அதிலுள்ள விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடு என்று அவளிடம் சொல்ல முடியுமா? மாணவர்களே, புதிதாக வாங்கவும் வேண்டாம், இருப்பதை அழிக்கவும் வேண்டாம்.

முதலில் ஷெல் என்றால் என்னவென்று பார்ப்போம். நீங்கள் எழுத்தில் தரும் கட்டளையைப் படித்து, அதற்குரிய நிரலை இயக்கும் ஒரு நிரல்தான் ஷெல். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அதே பாணியில் 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருநிரலை எழுதினார். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் ஓடுவதும் அந்தக் கருநிரல்தான்.

2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் இயங்க வழி செய்தது. அதன் பெயர் டபிள்யூஎஸ்எல். முதல் பதிப்பு, லினக்ஸ் நிரல்கள் கேட்பதை விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் போல இருந்தது. இப்போதுள்ள இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கருநிரலே ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. வீட்டுக்குள் ஓர் அறையைத் தடுத்துக் கொடுத்ததுபோல.

நிறுவுவதற்கு விண்டோஸ் 11, அல்லது பிந்திய விண்டோஸ் 10 பதிப்பு, சில ஜிகாபைட் காலி இடம், இணையம் ஆகியவை போதும். தொடக்கப் பட்டியலில் பவர்ஷெல்லைத் தேடி, வலப்பக்கம் சொடுக்கி, நிர்வாகியாகத் திறங்கள். டபிள்யூ-எஸ்-எல் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடுகள், அவற்றை ஒட்டி இன்ஸ்டால் என்ற சொல். ஆங்கிலத்தில் இப்படித் தட்டி எண்டரை அழுத்துங்கள். முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்தால் உபுண்டு லினக்ஸ் திறந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று என் வகுப்பில் பாதிப்பேர் பயந்தார்கள். அது பழுதல்ல, தட்டிக்கொண்டே போங்கள்.

மெய்நிகர் வசதி இல்லை என்று பிழைச்செய்தி வந்தால், கணினியின் பயோஸ் அமைப்பில் அது அணைந்திருக்கலாம். அதை நீங்களாகத் தொடாமல் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். பள்ளிக் கணினியில் அனுமதியின்றி எதையும் நிறுவாதீர்கள். பழைய, மெதுவான கணினியா? கிட் பேஷ் என்ற சிறிய நிரல் போதும். அடிப்படைக் கட்டளைகள் அதிலும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. ஆர், எம் என்ற இரண்டெழுத்துக் கட்டளை கோப்பை அழிக்கும். அது குப்பைத்தொட்டிக்குப் போகாது. உங்கள் சி டிரைவும் இந்த அறையிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அண்ணனின் பாடங்களை நினைவில் வையுங்கள்.

இனி ஒரு சோதனை. தமிழில் தட்ட, நம் நாட்டவர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற ஏதாவதொன்று இருந்தால் நல்லது. எக்கோ என்ற கட்டளை, ஓர் இடைவெளி, பிறகு நம் ஊர்ப் பெயரின் முதல் சொல்லான 'பத்து'. (மலாயில் கல், நமக்கு எண்!) அடுத்து எண்டர் விசைக்கு மேலுள்ள நெட்டுக்கோடு. அதற்குப்பின் டபிள்யூ, சி. இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு, எம். எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில்.

அந்த நெட்டுக்கோட்டின் பெயர் பைப், அதாவது குழாய். ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்கு அது கொண்டுபோகும். தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும், 1938இல் கட்டிய ஈயம் அள்ளும் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். அதில் வாளி அள்ளும், சல்லடை சலிக்கும், அடுத்த இயந்திரம் ஈயத்தைப் பிரிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. யூனிக்ஸும் அப்படித்தான்.

விடை 6 என்று வரும். 'பத்து' மூன்றெழுத்துதானே? கணினி ப, த, புள்ளி, த, உகரக் குறி என்று 5 எண்ணுகிறது. ஆறாவது, வரி முடிவுக்குறி. எம்முக்குப் பதில் சி போட்டால் 16 வரும். ஒவ்வொரு தமிழ்க்குறியும் 3 பைட், வரிமுடிவு 1 பைட். கணக்கு சரிதானே? திரையில் எழுத்துகள் உடைந்து தெரிந்தாலும் கவலை வேண்டாம். அது காட்டும் முறையின் குறை, எண்ணிக்கை மாறாது.

அடுத்தது சோர்ட், அதாவது வரிசைப்படுத்தும் கட்டளை. எஸ்-ஓ-ஆர்-டி தட்டி, எண்டர் அழுத்தி, பலம், பவளம், பழம், பள்ளி, பறவை, பனை ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். கடைசிச் சொல்லுக்குப் பிறகும் எண்டர் அழுத்தி, பின் கண்ட்ரோலுடன் டி. அகராதி முறையில் கொடுத்தோம். ஆனால் புதிதாக நிறுவிய உபுண்டு பனை, பறவை, பலம், பள்ளி, பழம், பவளம் என்று திருப்பித் தரும்.

காரணம், அது பார்ப்பது யூனிகோட் எண்ணை. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த இஸ்கி அட்டவணையின் வரிசையில்தான் யூனிகோட் தமிழை அமைத்தது. அதில் ன, ந-வை அடுத்தும், ற, ர-வை அடுத்தும் உட்கார்ந்துவிட்டன. தமிழ் நெடுங்கணக்கிலோ இரண்டும் கடைசி. ஆகவே தமிழ் வரிசை தெரிந்த ஒருவர் கணினிக்கு அதைத் தனியே சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

உங்கள் வகுப்பு மாணவர் பெயர்களைத் தமிழில் எழுதி சோர்ட்டிடம் கொடுங்கள். எந்தப் பெயர்கள் இடம் மாறின, எந்த எழுத்தால் மாறின என்று குறித்துவையுங்கள்.