ரிக் வாங்கப் போகிற தம்பிக்கு

தம்பி, கையில் கேமரா வந்துவிட்டது. இப்போது கேஜ், ஷோல்டர் ரிக், மேட் பாக்ஸ், ஃபாலோ ஃபோக்கஸ் என்று ஒரு பட்டியலோடு வந்து, எதை வாங்கலாம் என்று கேட்கிறாய். உன் வயதுப் பிள்ளைகள் கடன்பட்டுச் சாமான் சேர்ப்பதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1. முதல் குறும்படத்தை இருப்பதை வைத்தே எடு. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். எங்கே கை தடுமாறியது, எந்த ஷாட்டை மனதில் வைத்திருந்தும் எடுக்க முடியாமல் போனது என்று அன்றன்றே எழுதிவிடு. உனக்கு எது வேண்டும் என்பதை அந்த நோட்டிடம் கேள்.

2. ஒரு சாமான் எந்த வேலைக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அதற்குக் காசு கொடுக்காதே. ஃபாலோ ஃபோக்கஸ், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஃபோக்கஸ் இழுக்கும் உதவியாளருக்காக வந்தது. நடிகர் நிற்கும் இடங்களை அவர் டேப் வைத்து அளந்து, வெள்ளை வளையத்தில் குறித்துக்கொள்வார். குறி நகராமல் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். மிரர்லெஸ் கேமராவுக்கான லென்ஸ்கள் பலவற்றில் ஃபோக்கஸ் வளையம் மின்னணு முறையில் இயங்குகிறது. அது முடிவில்லாமல் சுற்றும். மெல்லத் திருப்பினால் ஒரு தூரம், வேகமாகத் திருப்பினால் வேறு தூரம். அப்படி ஒரு லென்ஸில் ஃபாலோ ஃபோக்கஸை மாட்டிவிட்டு, டேக்குக்கு டேக் குறி நழுவித் தவித்த பையன் ஒருவனைப் பார்த்தேன். தன் கைதான் சரியில்லை என்று நம்பி அன்று முழுக்கக் குன்றிப்போயிருந்தான். சாமான் பொருந்தாததைப் பிள்ளைகள் தங்கள் குறையாக எடுத்துக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை. மேட் பாக்ஸ், சதுரக் கண்ணாடி ஃபில்டர்களைச் செருகவும் பக்கத்து வெளிச்சம் லென்ஸில் விழாமல் மறைக்கவும் வந்தது. உன்னிடம் அந்த ஃபில்டர்கள் இல்லை. வெளிச்சத்தை மறைக்க ஒரு கறுப்பு அட்டை போதும்.

3. நம் ஊர் வெயிலுக்கு மரியாதை கொடு. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, அப்பர்ச்சர் 4 என்று வைத்தால், ஏறக்குறைய எட்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைத்தாக வேண்டும். அதைச் செய்வது என்டி ஃபில்டர் ஒன்றுதான். எத்தனை கைப்பிடியும் கம்பியும் பூட்டினாலும் அது நடக்காது. ஃபில்டர் இல்லாதவர்கள் ஷட்டரை ஏற்றிவிடுகிறார்கள்; நடக்கிற மனிதர் வெட்டி வெட்டி நகர்கிறார்.

4. எடையைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். முக்கால் கிலோ கேமராவைக் கையில் பிடித்தால் மூச்சு விடுவதுகூடப் படத்தில் தெரியும். கொஞ்சம் எடை ஏறினால் நடுக்கம் அடங்கும். ஆகவே ஷோல்டர் ரிக் வீண் அல்ல. ஆனால் முன்பக்கம் லென்ஸும் மானிட்டரும் ஏற, பின்பக்கம் ஈடுகட்ட பேட்டரியோ எடையோ இல்லாவிட்டால், மொத்த பாரமும் மணிக்கட்டில் இறங்கும். கோயில் திருவிழா ஒன்றை அப்படித் தூக்கிக்கொண்டு எடுத்த ஓர் இளைஞர் காலையில் தரையில் படுத்தெல்லாம் ஷாட் வைத்தார். மாலையில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை; தேர் திரும்பிய நேரத்தில் அவர் கேமராவைக் கீழே வைத்திருந்தார். உடம்பு களைத்தால் கண் சமாதானம் பேசும். வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரமாவது தோளில் சுமந்து பார்.

5. பெரியவர்கள் வெறுங்கையோடு சாதித்தார்கள் என்ற கதையையும் முழுசாக நம்பாதே. 2015-இல் வந்த ‘டேஞ்சரின்’ படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார்கள். அந்த ஃபோனுக்கு முன்னால் அனமார்ஃபிக் அடாப்டர் லென்ஸ் இருந்தது, ஆட்டத்தை அடக்கச் சின்ன ஸ்டெடிகேம் இருந்தது. இரண்டுக்கும் அந்தப் படத்தில் வேலை இருந்தது. ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன் சினிமா கேமராவை இயக்கியே பழக்கமில்லாதவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. அடுத்த படமான ‘அபராஜிதோ’வில், ஸ்டுடியோவுக்குள் போட்ட காசி வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, அதில் விளக்கொளியைப் பட்டுத் திரும்பச் செய்தார். வானத்திலிருந்து இறங்குகிற நிழலில்லா ஒளி வந்துவிட்டது. அவருக்கு முதலில் தெரிந்திருந்தது, எந்த ஒளி வேண்டும் என்பது. துணி அதற்குப் பிறகுதான்.

6. சின்னச் சாமானில் கஞ்சத்தனம் வேண்டாம். மானிட்டர் கேபிளை யாராவது காலில் இழுத்துவிட்டால் கேமராவின் எச்டிஎம்ஐ துளை உடைந்துவிடும். கேபிளை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்போடு ஒரு எளிய கேஜ் வாங்கு. அது வீண் போகாது. கம்பி வாங்கினால் 15 மில்லிமீட்டர், இரண்டு கம்பிக்கும் மையத்துக்கு மையம் 60 மில்லிமீட்டர் என்ற பொது அளவிலேயே வாங்கு. பிறர் சாமானும் உன்னுடையதில் ஏறும். காலையில் திருகுகளை எல்லாம் ஒருமுறை நீயே முடுக்கு.

7. பெரிய ரிக் இருந்தால் செட்டில் மதிப்பார்கள் என்று நீ உள்ளுக்குள் நினைக்கிறாய். அந்த ஆசை தப்பில்லை, தம்பி. ஆனால் லைட்மேன் அண்ணன்கள் உன்னை வேறு விதமாக அளக்கிறார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தானா, அடுத்த ஷாட் எதுவென்று தெரிந்து வைத்திருக்கிறானா, தெர்மோகோல் பிடித்து நிற்கிற பையனின் கை வலிக்குமே என்று நினைத்தானா என்றுதான் பார்ப்பார்கள். பெரிய சாமான் வேண்டிய நாளில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடு. ஒரே சாமானைப் படத்துக்குப் படம் வாடகைக்கு எடுக்கிறாய் என்றால், அப்போது சொந்தமாக வாங்கு.

8. இப்போது உன்னிடம் இருக்கிற பணத்துக்கு என் முடிவு இது. ஃப்ளூயிட் ஹெட் உள்ள நல்ல ட்ரைபாட், என்டி ஃபில்டர், ஒரு மைக், கிளாம்போடு அந்தக் கேஜ். மீதியைத் தொடாதே. நடிக்க வருகிறவர்களின் பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் எடுத்து வை. படத்தை முடித்ததும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, உட்கார்ந்து பார்ப்போம்.